அத்தியாயம் 6: கந்தாயம் கட்டினோம், கணக்கைக் கேட்போம்

செப்பிங்ஸ் ரோட்டிலோ நாராயண பிள்ளைத் தெருவிலோ குடியிருப்பவர் ஆண்டுதோறும் கந்தாயம் கட்டுகிறார். வாசலில் மோரி ஸ்லாப் உடைந்து கிடக்கிறது. "கட்டின பணமெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்காதவர் பெங்களூரு சிவாஜிநகரில் இல்லை. கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வடிவில் கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அதற்கென்று ஒரு ஃபைல் எந்த அலுவலகத்திலும் கிடையாது. "இந்தத் தெருவில், இந்த ஆண்டில், இந்த எண்ணுள்ள வேலைக்கு எவ்வளவு பில் கொடுத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஃபைல் உண்டு. அதில் கையெழுத்துப் போட்டவர் உண்டு. அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு எப்படிப் போவது என்பதே இந்த அத்தியாயம். இதன் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான்: உள்ளூர் ஆட்சிக்கான பணத்தின் பெரும்பகுதி உள்ளூர் மக்களிடமிருந்து வர வேண்டும், செலவுக் கணக்கை அதே மக்கள் முன் படித்துக் காட்ட வேண்டும். வரி வாங்காத ஆட்சி மக்களிடம் பதில் சொல்லாது. கணக்குக் காட்டாத ஆட்சிக்கு மக்கள் மனமுவந்து வரி கட்ட மாட்டார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் கட்டும் கந்தாயம் உங்கள் வாடகைக்குள் இருக்கிறது. இங்கே சொல்லும் எல்லா உரிமையும் உங்களுக்கும் உண்டு. கணக்குக் கேட்கக் காத்தா (சொத்துப் பதிவு) தேவையில்லை.

1. யாரிடம் கேட்பது?

சிவாஜிநகருக்கு உள்ளாட்சி புதிதல்ல. 1862லேயே பழைய பெங்களூருக்கும் தண்டுப் (கன்டோன்மென்ட்) பகுதிக்கும் தனித்தனி முனிசிபல் போர்டுகள் ஏற்பட்டன. 1949ல் இரண்டும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆனது. 2007ல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் கிராமங்களையும் சேர்த்து பிபிஎம்பி (ப்ருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே) உருவானது. 2025 செப்டம்பரில் அதுவும் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. சிவாஜிநகர் இப்போது பெங்களூரு மத்திய மாநகராட்சியில் இருக்கிறது. ஐந்துக்கும் மேலே முதலமைச்சர் தலைமையில் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் இருக்கிறது. இதற்கான சட்ட முன்வடிவை ஆராய்ந்த சட்டமன்றக் கூட்டுக்குழுவின் தலைவர் நம் தொகுதி எம்.எல்.ஏ. ரிஸ்வான் அர்ஷத்தான்.

இன்னொரு தேதியையும் மனதில் வையுங்கள்: 2020 செப்டம்பர் 10. அன்றுதான் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலின் பதவிக்காலம் முடிந்தது. அரசியல் சாசனத்தின் 243யு பிரிவு, ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தச் சொல்கிறது. ஐந்து ஆண்டு ஓடியும் தேர்தல் நடக்கவில்லை. கவுன்சிலர் இல்லாத அத்தனை காலமும் நம் வரிப்பணத்தை அதிகாரிகளே திட்டமிட்டு அதிகாரிகளே செலவழித்தார்கள். மக்கள் நேரடியாகக் கணக்குக் கேட்கப் பழகியாக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

அடுத்து, வேலை யாருடையது என்று பிரித்தறியுங்கள். தவறான கதவைத் தட்டினால் ஒரு மாதம் வீணாகும்.

- தெருச் சாலை, மழைநீர் மோரி, நடைபாதை, தெருவிளக்கு, மார்க்கெட்: மாநகராட்சி.
- குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை: 1964ல் அமைந்த பெங்களூரு குடிநீர் வடிகால் வாரியம்.
- குப்பை: பெங்களூரு திடக்கழிவு மேலாண்மை நிறுவனம்.
- கமர்ஷியல் ஸ்ட்ரீட் போன்ற சில சாலைகளில் முன்பு நடந்த சீரமைப்பு: பெங்களூரு ஸ்மார்ட் சிட்டி நிறுவனம்.

குழாய் பதிக்க வாரியம் தோண்டியிருக்கும். குழியை மூட வேண்டியவர் யார் என்பதில் இழுபறி இருக்கும். அப்போது இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் கடிதம் கொடுங்கள். ஒருவர் மற்றவரைக் கை காட்டினால், கை காட்டியதை எழுத்தில் வாங்குங்கள்.

2. பணம் எங்கிருந்து வருகிறது?

மாநகராட்சிக்குப் பணம் நான்கு வழியில் வருகிறது. முதலாவது சொத்து வரி, அதாவது நம் கந்தாயம். இரண்டாவது கட்டணங்கள்: வியாபார லைசென்ஸ், கட்டட அனுமதி, விளம்பரம், சாலை தோண்டும் கட்டணம், ரஸ்ஸல் மார்க்கெட் போன்ற சொந்தக் கட்டடங்களின் வாடகை. மூன்றாவது மாநில அரசின் மானியம். நான்காவது மத்திய நிதிக்குழு வழியாக வரும் பணம். இவை தவிர எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு ரூ.2 கோடி, எம்.பி. தொகுதி நிதி ரூ.5 கோடி தனியாக உண்டு.

2024-25ல் பிபிஎம்பி வசூலித்த சொத்து வரி ஏறக்குறைய ரூ.4,900 கோடி. 2025-26க்கு அது போட்ட பட்ஜெட் ஏறக்குறைய ரூ.19,900 கோடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பட்ஜெட்டில் ஏறக்குறைய கால் பங்குக்குத்தான் நம் வரி ஈடாகும் என்பது தெரியும்.

உங்கள் ரசீதில் உள்ள தொகை எப்படி வந்தது என்று ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். பெங்களூரில் 2008 முதல் பரப்பளவை வைத்து நாமே கணக்கிட்டுக் கட்டும் முறை இருக்கிறது. தெரு எந்த மண்டலம், வீடு சொந்தக் குடியிருப்பா வாடகையா, கட்டடத்தின் வயது என்ன என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். கீழே விளக்கத்துக்காக ஒரு கற்பனை வீடு: 600 சதுர அடி, சதுர அடிக்கு மாதம் ரூ.2, தேய்மானக் கழிவு 25 சதவீதம்.

- 600 × 2 × 10 மாதம் = ரூ.12,000 (சட்டம் 12 மாதத்துக்குப் பதில் 10 மாதத்தையே கணக்கில் எடுக்கிறது)
- தேய்மானம் 25% கழித்து = ரூ.9,000
- குடியிருப்புக்கு வரி 20% = ரூ.1,800 (கடையாக இருந்தால் 25%)
- அதன் மேல் செஸ் 24% = ரூ.432
- மொத்தம் ரூ.2,232

செஸ் என்பது சுகாதாரத்துக்கு 15, நூலகத்துக்கு 6, பிச்சையெடுப்போர் மறுவாழ்வுக்கு 3 சதவீதம். ஆண்டைப் பொறுத்து வேறு செஸ்ஸும் சேரலாம், ரசீதைப் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் குப்பைக் கட்டணமும் கந்தாயத்தோடு வருகிறது: 600 சதுர அடி வரை மாதம் ரூ.10, 4,000 சதுர அடிக்கு மேல் ரூ.400.

3. பணம் எப்படி வர வேண்டும்?

வார்டு கூட்டத்திலும் தேர்தல் மேடையிலும் பேசும்போது கீழே உள்ள நான்கு அளவுகோல்களைக் கையில் வைத்திருங்கள்.

முதலாவது, சொந்த வரியே முதுகெலும்பு. நகருக்குள் வரும் சரக்குக்கு வாங்கிய ஆக்ட்ராய் வரியைக் கர்நாடகம் 1979ல் ஒழித்தது. சிவாஜிநகர் போன்ற வியாபார ஊரில் சரக்கு வரவோடு சேர்ந்து வளர்ந்த வருமானம் அது. சரக்கு லாரிகள் எல்லையில் காத்துக் கிடந்ததால் அதை எடுத்தது சரிதான். ஆனால் அதற்குச் சமமான சொந்த வருமானம் எதுவும் மாநகராட்சிக்கு வரவில்லை. அதனால் சொத்து வரியை ஒழுங்காக மதிப்பிடுவதும், ஏய்ப்பவர்களிடம் வசூலிப்பதும், லைசென்ஸ் வாடகை போன்றவற்றை அவ்வப்போது திருத்துவதும் கட்டாயம். வரி உயர்வை எதிர்க்கும் முன், பெரிய கட்டடங்கள் உண்மையான பரப்பளவுக்குக் கட்டுகின்றனவா என்று கேளுங்கள்.

இரண்டாவது, மானியம் சூத்திரப்படி வர வேண்டும். தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் நிறைந்த மகாதேவபுரா, பழைய பிபிஎம்பியில் அதிக வரி தந்த மண்டலம். இப்போது அந்தப் பணம் கிழக்கு மாநகராட்சிக்குப் போகிறது. பழைய நெரிசலான தெருக்களைக் கொண்ட மத்திய மாநகராட்சிக்கு ஈடு செய்ய வேண்டியது மாநில அரசு. மக்கள் தொகை, ஏழைகள் எண்ணிக்கை, வரி வசூல் முயற்சி ஆகியவற்றை வைத்து மாநில நிதிக்குழு பங்கைச் சொல்ல வேண்டும் என்பதற்குத்தான் 243ஒய் பிரிவு. யார் ஆட்சி, எந்தத் தொகுதி எந்தக் கட்சி என்று பார்த்து வரும் மானியத்தில் கணக்குக் கேட்க இடமிருக்காது.

மூன்றாவது, அரசு நிலமும் பங்கு தர வேண்டும். கப்பன் ரோட்டுப் பரேட் மைதானம், ராணுவக் கட்டடங்கள் என நம்மைச் சுற்றி ஏராளமான மத்திய அரசுச் சொத்து இருக்கிறது. 285ஆவது பிரிவு அதற்கு வரிவிலக்குத் தருகிறது. ஆனால் சாலை, விளக்கு, குப்பை வசதிகளைப் பயன்படுத்துவதற்குச் சேவைக் கட்டணம் உண்டு. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009ல் உச்ச நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பெறும் வசதிக்கேற்ப அது சொத்து வரியில் 75, 50 அல்லது 33⅓ சதவீதம். எவ்வளவு நிலுவை, எவ்வளவு வசூல் என்று ஆண்டுதோறும் கேளுங்கள்.

நான்காவது, பெயர் சொல்லி வாங்கிய பணம் அந்தப் பெயருக்கே போக வேண்டும். நூலக செஸ்ஸை மாநகராட்சி வசூலித்து நூலகத் துறைக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நிலுவை வைக்கிறது என்ற புகார் பலமுறை எழுந்திருக்கிறது. உங்கள் வார்டு நூலகத்தில் நாளிதழ் குறைந்தால் இந்தக் கணக்கைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

4. ஒரு வேலையின் பயணம்

மோரி ஸ்லாப் மாற்றும் சின்ன வேலைக்கும் இத்தனை காகிதம் உண்டு: இன்ஜினியரின் எஸ்டிமேட், நிர்வாக ஒப்புதல், ஜாப் நம்பர், டெண்டர், வொர்க் ஆர்டர், எம்.பி. புத்தகம் (அளவுப் புத்தகம்), தரச் சான்று, பில், பணம் கொடுத்த வவுச்சர். அலுவலகத்தில் எல்லாம் கன்னடத்தில் இருக்கும். காமகாரி என்றால் வேலை, குத்திகெதார என்றால் காண்ட்ராக்டர், அந்தாஜு பட்டி என்றால் எஸ்டிமேட். இந்த மூன்றும் தெரிந்தால் பட்டியலைப் பாதி படித்துவிடலாம்.

இவற்றில் இரண்டு உங்களுக்கு உயிர். ஒன்று ஜாப் நம்பர். வார்டு, ஆண்டு, வரிசை ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கும். அதைப் பிடித்தால் மற்ற காகிதங்களை எல்லாம் இழுத்துவிடலாம். இன்னொன்று எம்.பி. புத்தகம். முடிந்த வேலையின் நீளம், அகலம், கனத்தை இன்ஜினியர் அளந்து எழுதி வைக்கும் பதிவேடு அது. பில் இதை வைத்துத்தான் போடப்படுகிறது. பொய் நுழைய வேண்டுமானால் இங்கேதான் நுழையும்.

டெண்டரைப் பற்றியும் ஒரு கேள்வி வையுங்கள். கர்நாடகத்தின் 1999ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம் டெண்டரைக் கட்டாயமாக்குகிறது. அதன் 4(ஜி) பிரிவில் அரசு விலக்கு அளிக்கலாம். "இந்த வேலை டெண்டரில் போனதா, 4(ஜி) விலக்கிலா?" என்று கேளுங்கள். விலக்கு என்றால், அதற்கு எழுதிய காரணத்தின் நகலைக் கேளுங்கள்.

இதெல்லாம் வீண் சந்தேகம் இல்லை. 2011ல் மல்லேஸ்வரம், ராஜராஜேஸ்வரி நகர், காந்திநகர் பகுதி வேலைகளில் ரூ.1,500 கோடிக்கு மேல் போலி பில் முறைகேடு என்று பிபிஎம்பியின் தொழில்நுட்ப விஜிலன்ஸ் பிரிவே அறிக்கை தந்தது. அவ்வளவு பெரிய தொகை ஒரே பில்லில் போகவில்லை. தெருத்தெருவாக, மோரி மோரியாகச் சின்னச் சின்ன வேலைகளின் பெயரில்தான் அப்படிப் போக முடியும். அந்தந்தத் தெருவில் ஒருவர் அளந்து பார்த்திருந்தால் பில் நின்றிருக்கும்.

5. கேட்கும் கடிதம்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ன் கீழ் விண்ணப்பம் எழுதுங்கள். கர்நாடக விதிப்படி ஒரு விண்ணப்பத்தில் ஒரே விஷயம், பொதுவாக 150 சொற்களுக்குள். கட்டணம் ரூ.10, போஸ்டல் ஆர்டராகக் கொடுக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும். எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது பொதுத் தகவல் அதிகாரியின் கடமை என்று 6ஆவது பிரிவு சொல்கிறது. பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள். அவருக்கும் இது படிப்பு.

கடிதத்தின் உடல் இப்படி இருக்கலாம்:

"எங்கள் வார்டில் ... தெருவில் கடந்த நிதியாண்டில் நடந்த எல்லா வேலைகளின் ஜாப் நம்பர், மதிப்பீட்டுத் தொகை, காண்ட்ராக்டர் பெயர், கொடுத்த தொகை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி ஆகியவற்றைத் தரவும். எஸ்டிமேட், எம்.பி. புத்தகம், பில் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைத் தரவும். வேலை நடந்த இடத்தை ஆய்வு செய்ய நாளும் நேரமும் குறித்துத் தரவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சட்டத்தின் 2(ஜே) பிரிவு ஆவணத்தைப் பார்ப்பதோடு வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. போட்ட தாரில் ஒரு துண்டு கேட்க உங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது.

"ஏன் இந்த வேலை மோசமாக நடந்தது?" என்பது போன்ற கேள்விகளை எழுதாதீர்கள். ஏன் என்பதற்கு ஆவணம் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

6. டேப்பும் நோட்டும்

நகல்கள் வந்ததும் 30 மீட்டர் டேப், ஒரு நோட்டு, செல்போன், அக்கம்பக்கத்தார் மூன்று பேர். கடைகள் திறக்கும் முன் காலை 7 மணிக்குப் போங்கள். இப்ராகிம் சாகிப் தெரு மாதிரி இடத்தில் பத்து மணிக்கு மேல் டேப்பை விரிக்க முடியாது.

உதாரணத்துக்கு, எம்.பி. புத்தகத்தில் ஸ்லாப் வேலை நீளம் 60 மீட்டர், அகலம் 0.6, கனம் 0.1 மீட்டர் என்று இருக்கிறது. கான்கிரீட் 3.6 கன மீட்டர். தெருவில் புது ஸ்லாப் 48 மீட்டர்தான் என்றால் 2.88 கன மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு தரையில் இல்லை, பில்லில் இருக்கிறது. கனத்தை அளக்க ஸ்லாப்பின் விளிம்போ தூக்கும் துளையோ போதும். ஒவ்வொரு அளவையும் எழுதி, அந்த இடத்தின் கதவு எண்ணையும் குறித்து, டேப் தெரியும்படி போட்டோ எடுங்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

குழிகளுக்கு வேறு சோதனை. குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள் சாலை பெயர்ந்தால் காண்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அதே இடத்துக்குப் புதிய ஜாப் நம்பர் போட்டிருந்தால் ஒரே சாலைக்கு இரண்டு முறை பணம் போகிறது என்று பொருள். ஆண்டு வாரியாகப் பட்டியலை வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

7. எல்லோர் முன்பும் படியுங்கள்

தனியாக ஒருவர் கேட்டால் அவரைச் சமாதானப்படுத்தியோ மிரட்டியோ அனுப்பலாம். தெருவே கேட்டால் முடியாது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994ல் பஞ்சாயத்துப் பில்களை ஊர் நடுவில் உரக்கப் படித்தது. தகவல் உரிமைச் சட்டத்துக்கே அந்தப் பொது விசாரணைகள் விதை. நம் ஊருக்கும் முன்னோடி உண்டு. 2002ல் ஜனாக்ரஹா, பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர், அக்ஷரா, வாய்சஸ் ஆகிய நான்கு அமைப்புகள் சேர்ந்து ப்ரூஃப் என்ற இயக்கத்தை நடத்தி, மாநகராட்சியின் காலாண்டுக் கணக்கை மக்கள் முன் விவாதிக்க வைத்தன. அந்த வழக்கம் நிலைத்திருந்தால் இன்று நாம் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்காது. மறுபடி கேட்டு வாங்குவோம்.

அதற்குச் சட்டப்படியான இடம் வார்டு கமிட்டி. 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரத்தில் அது கட்டாயம் என்று 243எஸ் பிரிவு சொல்கிறது. உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டு வழக்காடிய பிறகே பெங்களூரில் 2018 டிசம்பர் முதல் மாதந்தோறும் முதல் சனிக்கிழமைக் கூட்டங்கள் தொடங்கின. கிரேட்டர் பெங்களூரு ஆணையத்துக்கான புதிய சட்டத்திலும் வார்டு கமிட்டி உண்டு. கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைக் கேளுங்கள்: நடக்கும் வேலைகளின் பட்டியலைத் தெருவில் பலகையில் எழுத வேண்டும், எம்.பி. புத்தக அளவுகளை வார்டு கமிட்டி பார்த்த பிறகே பில் போக வேண்டும், வார்டுக்கு வந்த தொகையும் செலவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிக்கப்பட வேண்டும். பேசியது குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஓட்டுக் கேட்டு வருபவர்களிடமும் இதே மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

8. பதில் வராவிட்டால்

- 30 நாளில் தகவல் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு.
- அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் கர்நாடகத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. காரணமின்றித் தாமதித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு ரூ.250, அதிகபட்சம் ரூ.25,000 அபராதம்.
- அளவில் பொய் தெரிந்தால் ஆணையருக்கும் மாநகராட்சித் தணிக்கைப் பிரிவுக்கும் அளவுத்தாளோடு புகார். நடவடிக்கை இல்லாவிட்டால் லோகாயுக்தா.

புகாரில் ஆளைத் திட்டாதீர்கள். பில்லில் இவ்வளவு, தரையில் இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு. இந்த மூன்று வரியும் போட்டோவும் போதும்.

9. ஆண்டு நாட்காட்டி

- ஏப்ரல்: கந்தாயம் கட்டுங்கள், வழக்கமாக முழுத் தொகைக்கு 5 சதவீதத் தள்ளுபடி உண்டு. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.
- மே: மழைக்கு முன் தெரு மோரிகளைப் பட்டியலிட்டு எழுத்தில் கொடுங்கள்.
- ஜூலை: போன நிதியாண்டு வேலைகளுக்குத் தகவல் விண்ணப்பம்.
- ஆகஸ்ட், செப்டம்பர்: மாதா கோயில் திருவிழாவை ஒட்டிச் சாலை வேலை நடந்தால் ஜாப் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- நவம்பர் முதல் ஜனவரி வரை: அடுத்த பட்ஜெட்டுக்கான கோரிக்கை. மார்ச்சில் கேட்டால் நேரம் கடந்துவிடும்.
- பிப்ரவரி, மார்ச்: நிதியாண்டு முடியும் அவசரத்தில் தொடங்கும் வேலைகளை முதல் நாளிலிருந்தே போட்டோ எடுங்கள்.

முழு வார்டையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டு சோர்ந்துபோக வேண்டாம். உங்கள் தெருவில் போன ஆண்டு நடந்த ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஜாப் நம்பரைக் கேட்டு இந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள். வந்த பதிலை அடுத்த வார்டு கூட்டத்தில் படியுங்கள். பிறகு பக்கத்துத் தெருக்காரருக்கு இந்தக் கடிதத்தை எழுதக் கற்றுக் கொடுங்கள்.